ஒரு பல் தள்ளி மாட்டிய பெல்ட்

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே தோட்டம் வைத்திருக்கும் தம்பிதுரை, தன் வீட்டுச் சாமான் எதையும் ரிப்பேருக்கு வெளியே கொடுத்ததில்லை. தண்ணீர் மோட்டாரோ மிக்ஸியோ, அவரே பிரித்து அவரே மாட்டுவார். முடித்தபின் இரண்டொரு திருகாணி மிஞ்சும். கம்பெனிக்காரன் கூடுதலாகப் போட்டுவிட்டான் என்பார்.

போன ஆடியில் தன் பழைய காருக்குப் புது டைமிங் பெல்ட் போட்டார். இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கிற, பல் வைத்த பெல்ட் அது. மறுநாள் மனைவி வள்ளியாத்தாளை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். வண்டி மேட்டில் திணறியது, இருமியது, புகைக்குழாயில் டமாரென்று வெடித்தது. ரோட்டோரம் மேய்ந்த ஆடுகள் தலைதெறிக்க ஓடின. வள்ளியாத்தாள் இறங்கி, பின்னால் வந்த பஸ்சில் ஏறிவிட்டார்.

பெல்ட் மேல் தம்பிதுரைக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. அது அவர் கையால் மாட்டியதாயிற்றே. பிளக்குகளை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். வேறு பங்க்கில் பெட்ரோல் போட்டுப் பார்த்தார். வெடி நிற்கவில்லை. மூன்று வாரம் கழித்து, மனசே இல்லாமல், சிங்காநல்லூரில் ஒர்க்‌ஷாப் நடத்தும் ஜெனிதாவிடம் போனார். வேடிக்கை பார்க்க வள்ளியாத்தாளும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

இன்ஜினை ஓடவிட்டுக் கேட்ட ஜெனிதா, கடைசியாக என்னென்ன மாற்றினீர்கள் என்று விசாரித்தாள். அவர் பிளக்கில் ஆரம்பித்துப் பெட்ரோல் வரைக்கும் ஒப்பித்தார்.

"ஏனுங்க, பெல்ட்ட உட்டுப்போட்டீங்களே," என்றார் பின்சீட்டிலிருந்து வள்ளியாத்தாள்.

ஜெனிதா மூடியைக் கழற்றினாள். பெல்ட் ஓடும் பல்சக்கரத்திலும் இன்ஜினிலும் ஒரே நேராக நிற்க வேண்டிய இரண்டு குறிகள் ஒரு பல் அளவு விலகி நின்றன. தம்பிதுரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அப்போதும் விலகித்தான் நின்றன. அவர் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"இறுக்கறப்ப சக்கரம் துளி நகந்திருக்குமுங்ணா. எனக்கும் ஆயிருக்குது," என்று ஸ்பேனரை அவரிடமே நீட்டினாள் ஜெனிதா. "இறுக்கினப்புறம் கையில ரெண்டு சுத்து சுத்திப்போட்டு, மறுக்கா குறியப் பாத்துக்கோணுமுங்க. நீங்களே மாட்டுங்க."

மாட்டினார். இரண்டு சுற்றுக்கு நான்கு சுற்றாகச் சுற்றிப் பார்த்தார். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் சத்தமில்லாமல் ஓடியது.

திரும்பும்போது வள்ளியாத்தாள் முன்சீட்டில் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு பல்லுதான் அம்மணி," என்றார் தம்பிதுரை.

"அதுக்கு நான் மூணு வாரம் பஸ்சுல நின்னுட்டுப் போனனுங்க."

அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். மேம்பாலத்தில் வண்டி கியர் குறைக்காமலே ஏறியது. வள்ளியாத்தாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.