மணியடித்தும் எழுந்திருக்காத தலைவர்

காசிமேட்டில் ஒரே பட்டறையில் நானும் என் சிநேகிதனும் பன்னிரண்டு வருடம் விசைப்படகு இன்ஜின்களைப் பிரித்து மாட்டினோம். மதியத் தொழுகைக்கு நான் பள்ளிவாசலுக்குப் போனால் என் வேலையை அவன் பார்ப்பான். ஞாயிறு பூசைக்கு அவன் போனால் அவன் வேலையை நான் பார்ப்பேன். முப்பத்தைந்து வயதில் ஒருநாள், “நான் சாமியாராப் போறேன் மாமு” என்றான். கலாய்க்கிறான் என்று நினைத்து இரண்டு டீ சொன்னேன். நிஜமாகவே போய்விட்டான்.

சடையங்குப்பம் தாண்டி ஒரு சின்ன மடம். தலைவர் போக, இவனையும் சேர்த்து மொத்தமே ஏழு துறவிகள். நாளுக்கு ஐந்து முறை கோயிலில் கூடி ஜெபம், மற்ற நேரம் மெழுகுவர்த்தி வார்க்கிற வேலை. அதை விற்றுத்தான் சாப்பாடு. சில வருடம் கழித்துப் பழைய தலைவர் காலமானதும் மற்ற ஆறு பேரும் இவனையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆயர் வந்து தலையில் கைவைத்து ஆசீர்வதித்து, மோதிரம் போட்டு, செங்கோலைக் கையில் கொடுத்தார். நான் தொப்பியோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல்தான் அழுதேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு புதன்கிழமை பார்க்கப் போனேன். மழைத்தண்ணீர் புகுந்து வடிந்த மடத்துப் பட்டறையில், மெழுகு வார்க்கும் மிஷினுக்கு அடியில் இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. தலைவரேதான். முழங்கை வரைக்கும் கிரீஸ்.

பேச ஆரம்பிப்பதற்குள் மதிய ஜெபத்துக்கு மணியடித்தது. ஆறு கிழவர்களும் வாசலைக் கடந்து கோயிலுக்குப் போனார்கள். ஒவ்வொருவரும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இவன் அசையவில்லை.

“நீ போவல?”

“அவுங்க எனக்கும் சேத்து ஜெபம் பண்ணிக்குவாங்க. வயசானவங்க, குந்திகினு ஜெபம் பண்ணட்டும். வேலைய நான் ஒண்டியா பாத்துக்குறேன்னு சொல்ட்டேன்.”

“எத்தினி நாளா?”

“ஒரு மாசம் இருக்கும்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மோதிரத்தைத் தேடினேன். விரலில் இல்லை. போல்ட் நட்டு போடும் தகர டப்பாவில் கிடந்தது. நான் அவன் மதத்துக்காரன் இல்லை, ஆனால் அந்த மோதிரத்தை அவன் விரலில் போட்டபோது பார்த்தவன்.

மிஷினுக்கு அடியிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்தான். “மணியடிச்சா அத்தினி பேரும் என் மூஞ்சியப் பாக்குறாங்க மாமு. நான்தான் ஆரம்பிக்கணும். வாயே வரமாட்டேங்குது. மிஷினுன்னா எங்க கோளாறுன்னு கைக்குத் தெரியும். ஆயருக்கு லெட்டர் எழுதிட்டேன். வேற யாரையாச்சும் தலைவரா போட்டுக்கட்டும்.” சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினான். உறை தயாராக இருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் மரியாதை பறந்துவிடும். தலைவர் என்றும் பார்க்கவில்லை. “அறிவு கீதாடா உனக்கு? உன் ஜெபத்த அவுங்க தலைல கட்டிட்டே. அவுங்க வேலைய நீயே புடுங்கிக்கினே. ஆறு பேரையும் சும்மா குந்த வெச்சிட்டு, பெரிய தியாகம் பண்றன்னு நெனப்பா? வாய் வரலன்னா சும்மா போயி நில்லு. எனக்கு மட்டும் தெனமும் மனசு ஒட்டிக்கினா தொழுவுறேன்? ஒட்டாத நாள்லயும் போயி நிப்பேன். குடு அத!”

ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் என்னையே முறைத்தான். பிறகு டப்பாவில் கையை விட்டு மோதிரத்தை எடுத்து, கிரீஸ் விரலிலேயே மாட்டிக்கொண்டு போனான்.

கோயிலிலிருந்து பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. அவன் உள்ளே போனதும் சட்டென்று நின்றுவிட்டது. துரத்திவிட்டார்களோ? வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு அவன் குரல் மட்டும் தனியாக, கரகரவென்று முதல் வரியைத் தொடங்கியது. மற்ற குரல்கள் சேர்ந்துகொண்டன.

ஜெபம் முடிந்து ஏழு பேரும் பட்டறைக்கு வந்தார்கள். இவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, உறையை எடுத்துக் காட்டி, தலைவர் பொறுப்பைத் திருப்பிக் கொடுக்க நினைத்திருந்ததைச் சொன்னான். யாரும் ஆச்சரியப்படவில்லை. இருப்பவர்களில் மூத்தவர், எண்பது வயதிருக்கும், தன் அங்கிக்குள்ளிருந்து வேறொரு உறையை எடுத்தார்.

“நாங்களும் ஆயருக்கு எழுதியிருக்கோம் ஃபாதர். ஆறு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. எங்களை வேற மடத்துக்கு அனுப்பச் சொல்லி.”

“எதுக்கு?” என்றான்.

“வேலைக்கு வேணாம்னுட்டீங்க. ஜெபத்துக்கும் வரதில்ல. எங்களோட இருக்கவே உங்களுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சோம். நாளைக்குத் தபால்ல போடறதா இருந்தோம்.”

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. மெழுகு ஊற்றும் கரண்டியை இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் நீட்டினான். அவர் உடனே வாங்கவில்லை.

“சாயங்காலம் மணியடிச்சா வருவீங்களா?” என்று கேட்டு, அவன் தலையசைத்த பிறகுதான் வாங்கினார்.