சோளகக் காற்றும் ஒரு மார்புப்பட்டியும்

என் நோய் ஒரு படிக்கட்டில் தொடங்கியது. பல்கலைக்கழக நூலகத்தின் மாடிக்குப் போகும் அந்தப் படிகளை மூன்று ஆண்டுகளாக நான் கவனித்ததே இல்லை. டெங்குக் காய்ச்சல் தணிந்து வகுப்புக்குத் திரும்பிய வாரத்தில், பாதி வழியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். மார்புக்குள் ஏதோ ஒன்று தன் ஒழுங்கை விட்டு ஓடிற்று. பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறிப்போனார்கள். நான் செருப்பின் வாரைச் சரிசெய்பவள்போலக் குனிந்துகொண்டேன்.

இதை வாசிக்கும் உங்களில் சிலரும் இந்நேரம் ஏதோ ஒரு செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருக்கலாம். அதனால்தான் அந்த நடிப்பிலிருந்து தொடங்குகிறேன்.

எக்கோ (ஒலியலைகளைக் கொண்டு இதயத்தின் அசைவைப் படமாக்கும் பரிசோதனை) செய்தார்கள். இதயத் தசை அழற்சி என்றார்கள் (கிருமித் தொற்றுக்குப் பின் இதயத்தின் தசை வீங்கி வலுக்குறைவது). இருண்ட திரையில் என் இதயம் சோம்பலாக அசைந்தது. இருபத்து மூன்று வயது வரை அதைப் பற்றி நான் நினைத்ததில்லை; நினைக்கத் தேவையில்லாமல் இருப்பதுதான் அதன் கடமை என்று எண்ணியிருந்தேன். அந்த உடன்பாட்டை அது தன்பாட்டில் முறித்துவிட்டது.

மருத்துவர் அதிகம் பேசாத ஒரு பெண்மணி. "உம்மட இதயம் களைச்சுப் போச்சு. ஆறு மாதத்துக்கு அதிட்டை வேலை வாங்காதையும்" என்றார்.

விடுதி அறையிலிருந்து புத்தகங்களோடு, யாழ்ப்பாணத்தை அடுத்த தீவிலுள்ள எங்கள் ஊரான சுருவிலுக்குத் திரும்பினேன். வீட்டில் அம்மாவும் நானும் மட்டுமே. அப்பா நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அண்ணா கனடாவில் ஒரு பண்டகசாலையில் இரவு வேலை செய்கிறார். எங்கள் வீட்டின் தீர்மானங்கள் அந்தத் தொலைவிலிருந்துதான் வரும். வந்தபின் அம்மாவின் குரலில் எனக்குச் சொல்லப்படும். அதில் எனக்கு அதுவரை குறையொன்றும் இருந்ததில்லை.

வைகாசி மாதத்தில் மறுபடியும் எக்கோ செய்தபோது தசை பெரும்பாலும் தேறியிருந்தது. மெதுவாகச் சைக்கிள் ஓடலாம் என்றார் மருத்துவர். ஒரு நிபந்தனை: நிமிடத்துக்கு நூற்று முப்பது துடிப்பைத் தாண்டக் கூடாது.

"தாண்டினது எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கழுத்தில ரண்டு விரலை வைச்சு எண்ணும். இல்லாட்டி இப்ப அதுக்குக் கருவியள் இருக்கு. யாழ்ப்பாணம் போய்த் திரும்பிற அளவுக்கு நீர் தாண்டாமல் ஓடினீரெண்டா, கடைசி வருசத்துக்குப் போகலாமெண்டு நானே எழுதித் தாறன்."

இறுதியாண்டு அந்தப் பாதையின் மறுமுனையில் இருந்தது. சுருவிலிலிருந்து அல்லைப்பிட்டி வரை, பிறகு கடல் நடுவே போகும் பண்ணைப் பாலம்.

அண்ணாவிடம் சொன்னேன். நயினாதீவுத் திருவிழாவுக்கு வந்த அவருடைய நண்பர் ஒருவரிடம் சிறிய பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டார். உள்ளே சைக்கிளின் கைப்பிடியில் பூட்டும் சிறு கணினி, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. அதனுடன் கம்பியில்லா உணரிகள் மூன்று: சில்லின் (சக்கரத்தின்) அச்சைச் சுற்றிக் கட்டுவது வேகத்தை அறியும், மிதிதண்டில் ஒட்டுவது மிதிக்கும் விரைவை அறியும், மூன்றாவது மார்புப்பட்டி. அது நெஞ்சுக்குக் கீழே தோலோடு ஒட்டிக் கிடந்து துடிப்பை அறியும்.

அவற்றைக் கணினியோடு இணைக்க ஒரு முழுப் பகல் பிடித்தது. உணரிகள் உறங்கும் இயல்புடையவை. சில்லைச் சுழற்றினால்தான் ஒன்று விழிக்கும். மிதியைச் சுற்றினால்தான் மற்றது விழிக்கும். சில்லின் சுற்றளவைக் கருவி தானாகவே ஓர் எண்ணாக வைத்திருந்தது. அது வேறொரு நாட்டின் பெரிய சில்லுக்கு உரியது. என் சைக்கிளின் டயரில் வெண்கட்டியால் ஒரு கோடு போட்டு, சீமெந்து நிலத்தில் ஒரு முழுச் சுற்று உருட்டி, தையல் நாடாவால் அளந்தேன். அம்மா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"சரியா உருட்டடி, பிறகு கொண்ணன் பிழை சொல்லுவான்" என்றார்.

அண்ணாவைப் பற்றிய அந்தச் சொல்லை அன்று நான் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டேன்.

கைபேசியிலுள்ள செயலி ஒரு கணக்குத் திறக்கச் சொன்னது. "நீ மினக்கெடாதை, நான் திறந்து வைச்சிருக்கிறன். பாஸ்வேர்ட் அனுப்புறன்" என்றார் அண்ணா. எங்கள் பக்கத்தில் இது வழக்கம். அம்மாவின் கைபேசியும், அயலில் பாதிப்பேரின் கைபேசிகளும், வெளிநாட்டிலுள்ள ஒருவரின் மின்னஞ்சலில்தான் திறக்கப்பட்டவை. வாங்கித் தருபவரே திறந்தும் தருவார். பூட்டை வாங்கித் தந்தவரிடம் இன்னொரு திறப்பு இருக்குமா என்று கேட்பது மரியாதைக் குறைவு. நானும் கேட்கவில்லை.

மார்புப்பட்டியில் அம்மாவுக்கு இரண்டு ஆட்சேபங்கள் இருந்தன. அதன் உட்பக்கத்தை நீரில் நனைத்துக் கட்ட வேண்டுமென்று கையேடு சொன்னது. "காய்ச்சல்காரி ஈரத்தைக் கட்டிக்கொண்டு காத்துக்குள்ள போறதோ" என்று துணியால் ஒற்றிவிட்டார். அடுத்து, பட்டியின் விளிம்பு உடுப்புக்கு மேலே தெரியக் கூடாது. "ஆக்கள் பாப்பினம்." அலுமாரியிலிருந்து அண்ணா விட்டுப்போன பழைய உதைபந்தாட்டச் சேட்டு (சட்டை) ஒன்றை எடுத்துத் தந்தார். வழுவழுப்பான செயற்கை இழை. எனக்கு இரண்டு மடங்கு பெரியது. அதையே மேலே போட்டுக்கொண்டு ஓடினேன்.

முதல் வாரங்களில் வாய்க்கால் ஓரமாக, பனைகளின் மறைப்பில் ஓடினேன். எண்கள் தொண்ணூறு, நூறு, நூற்றுப் பத்து என்று ஏறி இறங்கின. உடல் என்னிடம் மெல்லத் திரும்புவதாக நம்பினேன். திரையைப் பார்த்துவிட்டுத்தான் களைப்பாக இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யும் பழக்கம் எனக்குள் வந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

பிறகு ஒரு காலை பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம் போனேன். சோளகம் (தென்மேற்கிலிருந்து வீசும் கோடைக் காற்று) முதுகைத் தள்ளிக்கொண்டு வந்தது. திரும்பும்போது அதுவே நெஞ்சில் அறைந்தது. பாலத்தின் நடுவில் திரையைப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு. அடுத்த கணம் இருநூற்றுப் பதினான்கு.

அல்லைப்பிட்டி வரை சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் ஒரு மதிலோரம் நின்றேன். கழுத்தில் விரல் வைத்தேன். துடிப்பு அமைதியாகவே இருந்ததுபோலத் தோன்றிற்று. ஆனால் திரை இன்னும் இருநூற்றைச் சொன்னது. நான் விரலை எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்தும் முன்னரே அம்மா வாசலில் நின்றார்.

"என்ன பிள்ளை, அல்லைப்பிட்டியில கன நேரம் நிண்டனியாம்?"

"ஆர் சொன்னது?"

அம்மா திரும்பிக் குசினிக்குள் போனார். நான் பின்னால் போனேன். பானையின் மூடியைத் திறந்து மறுபடி மூடிவிட்டு, "இருநூறுக்கு மேல போனதாம். கொண்ணன் பயந்துபோய்ப் போன்ல கோல் எடுத்தவன்" என்றார்.

அந்த எண்ணை நான் இன்னும் எவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

அண்ணாவுடன் பேசியபோது அவர் மறுக்கவில்லை. நான் ஓடும்போது என் இடமும் வேகமும் துடிப்பும் அந்தக் கணக்கின் வழியே அவருடைய கைபேசியில் தெரிந்துகொண்டிருந்தன. எனக்குக் காலை, அவருக்கு வேலையிடத்தில் இரவு. பெட்டிகளுக்கு நடுவே நின்று என் இதயத்தைப் பார்த்திருக்கிறார்.

"எப்ப இருந்து?"

"துவக்கத்தில இருந்து. இஞ்ச பார், நான் உளவு பாக்கேல்லை. நீ றோட்டில விழுந்து கிடந்தா ஆர் தூக்கிறது? அம்மாவோ?"

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ அதைக் கட்டியிருக்க மாட்டாய்."

உண்மைதான். என்னை இவ்வளவு சரியாக அறிந்த ஒருவர் அந்த அறிவை இதற்குப் பயன்படுத்தினார் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"சரி, இப்ப அதை விடு" என்று தொடர்ந்தார். "இந்த வருசம் கம்பஸ் படிப்பு வேண்டாம். உன்ர சேரோட நான் போன கிழமையே கதைச்சிட்டன்."

"போன கிழமையோ? இருநூறு இண்டைக்குத்தானே வந்தது."

"ரண்டு கிழமைக்கு முன்னமும் ஒருக்கா வந்தது. நீ பாக்கேல்லை. நான் பாத்தனான்."

கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தேன். அம்மா கதவருகே நின்று சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சில்லை அளந்த நாளிலிருந்தே அவருக்கு எல்லாம் தெரியும். "உன்ர நன்மைக்குத்தானே பிள்ளை" என்றார். நான் அவரைக் கடந்து வெளியே போனேன். என்னிடம் இருந்த சொற்கள் எல்லாம் அவரைக் காயப்படுத்தக்கூடியவையாக இருந்தன.

மறுநாள் அந்தச் சேரை, என் ஆய்வை மேற்பார்வை செய்யும் விரிவுரையாளரை, அழைத்தேன். அவர் சற்றுத் தயங்கினார். "உம்மட அண்ணை கதைச்சவர். உடம்பு ஏலாதபடியா நீர் படிப்பை விடுறீர், சொல்ல வெக்கப்படுறீர் எண்டவர். நீர் அதிகம் கதைக்காத பிள்ளைதானே, அதாலை நானும் நம்பிட்டன். ஆனா கடிதம் நீர்தான் தரவேணுமெண்டு சொன்னனான்."

என் மௌனத்தையே என் வாக்குமூலமாக ஒருவர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அடக்கமான பெண் என்று பெயரெடுத்தவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேசாத இடத்தில் வேறொருவர் உங்களுக்காகப் பேசிவிடுவார்.

"கடிதம் வராது சேர்" என்றேன். "டொக்டர் எழுதித் தருவா. அதோட வாறன்."

சொல்லிவிட்டேனே தவிர, அந்த இருநூற்றுப் பதினான்கு பொய்யென்று எனக்கும் தெரியாது. அண்ணா சரியாக இருக்கக்கூடும் என்ற அச்சத்தோடுதான் மருத்துவரிடம் போனேன். அம்மாவும் வந்தார். நாங்கள் பேருந்தில் அருகருகே இருந்தோம்.

மருத்துவர் கைபேசியிலிருந்த வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். "சாதாரண இதயம் படிப்படியா ஏறும். இப்பிடி ஒரே பாய்ச்சலாப் பாயிற வருத்தங்களும் இருக்கு. அதாலை நான் ஊகிச்சுச் சொல்ல ஏலாது" என்றார். ஹோல்ட்டர் (ஒரு நாள் முழுவதும் இதயத்தின் மின்துடிப்பைப் பதியும் சிறு பெட்டி) பொருத்தினார். அதே பாதையில், அதே உடுப்போடு, மார்புப்பட்டியையும் கட்டிக்கொண்டு ஓடச் சொன்னார்.

ஓடினேன். பாலத்தில் காற்று அதே இடத்தில் நெஞ்சில் அறைந்தது. திரை இருநூற்று எட்டைக் காட்டியது. இம்முறை நிற்கவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தேன். எனக்கு நேரப்போவது நேரட்டும் என்ற துணிச்சல் அல்ல அது. என் உடலைப் பற்றி என்னைத் தவிர மற்ற எல்லோரும் எதையோ அறிந்திருந்தார்கள். நானும் ஒரு தடவை அறிய விரும்பினேன்.

பெட்டியின் பதிவைப் படித்துவிட்டு மருத்துவர் முதன்முறையாகப் புன்னகைத்தார்.

"பாலத்தில உம்மட துடிப்பு நூற்று இருபத்தாறு. அதுக்கு மேல போகவே இல்லை. அண்டைக்கு என்ன உடுப்பு?"

பையிலிருந்த சேட்டை எடுத்துக் காட்டினேன். அவர் அதை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். "பட்டி காய்ஞ்சிருக்கு. காத்தில இது உரஞ்சி உரஞ்சி மின்னேத்தம் வந்திருக்கு. கருவி அதையும் துடிப்பெண்டு எண்ணியிருக்கு. இதயம் சரி பிள்ளை. சேட்டுத்தான் படபடத்திருக்கு."

அம்மா தாழ்ந்த குரலில், "அது தமையன்ர சேட்டு, டொக்டர்" என்றார்.

அறையில் எவரும் சிரிக்கவில்லை.

இறுதியாண்டுக்குப் போகலாம் என்ற கடிதத்தை மருத்துவர் என் கையில் தந்தார். அம்மா வழக்கப்படி கை நீட்டினார். பின் அந்தக் கையைத் தன் மடிக்கே எடுத்துக்கொண்டார்.

அண்ணாவுக்கு முடிவைச் சொன்னேன். மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. அவர் உண்மையிலேயே பயந்திருந்தார். அதை நான் ஒருபோதும் ஐயுறவில்லை. "நல்லது. சேருக்கு நான் சொல்லிவிடுறன்" என்றார்.

"வேண்டாம் அண்ணா. நான் சொல்லிட்டன்."

கருவியை நான் எறியவில்லை. பழைய கணக்கிலிருந்து அதை விடுவித்து, உணரிகளை மீண்டும் ஒவ்வொன்றாக எழுப்பி, எதனோடும் தொடர்பில்லாமல் கைப்பிடியில் மட்டும் வாழும்படி அமைத்தேன். பட்டியை நன்றாக நனைத்துக் கட்டுகிறேன். அதன்மேல் இறுக்கமான பருத்திச் சட்டை. விளிம்பு தெரிகிறது. உங்களுக்கும் இத்தகைய கருவி தேவைப்படுமானால் பட்டியை நனைத்துக் கட்டுங்கள், மேலே பருத்தி உடுத்துங்கள். கணக்கையும் உங்கள் கையாலேயே திறவுங்கள். எண் திடுக்கிட வைத்தால் நின்று, கழுத்தில் விரல் வைத்து எண்ணுங்கள். இரண்டும் மாறுபட்டால் மருத்துவரிடம் போங்கள்.

இதயம் தேறிவிட்டது. ஆனால் முன்பிருந்த மறதி திரும்பவில்லை. என் நாள் இப்போது மணிகளால் ஆனதல்ல. ஏறி, தணிந்து, மறுபடி ஏறும் ஒன்றாக இருக்கிறது. விரிவுரையில் அமர்ந்திருக்கும்போதும் அது எனக்குக் கேட்கிறது. சில வேளைகளில், கேட்பது நான் மட்டும்தானா என்று உடம்பு அசையாமல் நின்று பார்க்கிறது. அந்தக் கணம் அழற்சியின் மீதம் அல்ல. அதற்கு மருந்தும் தரப்படவில்லை.

ஓட்டம் முடிந்ததும் கருவி ஒரு கேள்வி கேட்கும்: சேமிக்கவா, அழிக்கவா. எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு அழித்துவிடுவேன்.

சென்ற ஞாயிறு அண்ணா அழைத்தார். நலம் விசாரித்தபின் கேட்டார்.

"இப்ப சைக்கிள் ஓடுறேல்லையோ? ஒண்டும் தெரியேல்லை."

"ஓடுறன்."

"எவ்வளவு தூரம்?"

ஈரப்பட்டியைக் கொடியில் போட்டபடியே சொன்னேன்.

"போய்த் திரும்பிற தூரம், அண்ணா."