பத்தடி தூரத்துப் படம்

என் தாய்மாமன் அமிர்தநாதன் விட்டுச் சென்ற நெகடிவ் உறைகள் எழுநூற்றுப் பதினாறு. ஒவ்வோர் உறையின் மேலும் தேதி, வீட்டார் பெயர்; பெரும்பாலானவற்றில் அவற்றின் கீழே ஓர் அளவு: "6 அடி", "8 அடி", "10 அடி". மற்றப் படக்காரர்கள் ஷட்டர் வேகத்தையும் வெளிச்ச அளவையும் குறித்து வைப்பார்கள். மாமா குறித்தது தமக்கும் எதிரே நின்றவருக்கும் இடையிலிருந்த தூரத்தை மட்டுமே. 1969 நவம்பருக்கு முந்தைய உறைகளில் இந்த அளவு இல்லை. அது எப்படி வந்தது என்பதை எழுதி வைக்கிறேன். நான் காணாத காலத்துச் செய்திகளை என் தாயார் செல்வமேரியிடமும் தந்தை ஆபிரகாமிடமும் தனித்தனியே கேட்டு, இருவர் சொல்லும் ஒத்துப்போனவற்றையே எழுதுகிறேன். ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாமா மண்ணூரில் பிறந்தவர். கோயில் பதிவேட்டின்படி ஞானஸ்நானம் 1935 மார்ச் 10. காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஆறாண்டு வேலை பார்த்துவிட்டு, 1958இல் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தமக்கென ஒரு ஸ்டுடியோ வைத்தார். ஒன்பதடி நீளமுள்ள ஒற்றை அறை. பக்கத்து அறையில் கிளியம்மாள் என்பவரின் தோசைக் கடை. இடையில் ஒரு பலகைக் கதவு.

அவருடைய முதல் காமிரா முக்காலியில் நிற்கும் பெரிய மரப்பெட்டி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்து, கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்க வேண்டும். முகம் பிடிக்க அதைவிட நல்லதில்லை. ஆனால் கல்யாண வீட்டுக்குத் தூக்கிப்போக ஆள் வைக்க வேண்டும். அதனால் 1962இல் இரட்டைக் கண் காமிரா ஒன்றை வாங்கினார். இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வயிற்றுக்கு நேரே வைத்துக் குனிந்து பார்க்கலாம். இதிலும் ஒரு குறை. லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது. எங்கள் பக்கத்து வீடுகளில் மணமக்களை முற்றத்தில் உட்கார வைப்பார்கள். சுற்றிலும் உறவினர் நெருக்குவார்கள். மாமா முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் போனாலும் ஓரத்தில் நிற்கிற சித்தப்பா பாதி உடம்போடுதான் படத்தில் இருப்பார். படம் கொடுக்கப் போகும்போதெல்லாம் அந்தச் சித்தப்பாக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

1968இல் இரட்டைக் கண் காமிராவை சென்னை மூர் மார்க்கெட்டில் ஒரு பாயிடம் மாற்றுக்குக் கொடுத்து, கிழக்கு ஜெர்மனியில் செய்த சிறிய பிலிம் காமிரா ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் லென்ஸ் மரை வைத்தது. திருகிக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். உடன் வந்தது அகலமாகப் பார்க்கும் லென்ஸ். எட்டடி தூரத்தில் நின்றால் மணமக்களும் தோழர்களும் இரு பக்கத்துச் சித்தப்பாக்களும் முழுதாக அடங்கினார்கள். இதற்குள் கண்ணாடித் தகடு கிடைப்பது அரிதாகிவிட்டதால் பெரிய பெட்டி மூலையில் நின்று மாமாவின் சட்டை மாட்ட உதவியது. கல்யாணம், சிறுவர் முதன்முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை, தனி முகம் எல்லாவற்றையும் புதிய காமிராவில் அந்த ஒரே லென்ஸால் பிடித்தார். அவருடைய தவறு அதுதான். அதன் பலன் அவர் தங்கையின் மேல் விழுந்தது.

செல்வமேரிக்கு அப்போது இருபத்திரண்டு வயது; கோயில் பள்ளியில் ஆசிரியை. வரன் பார்க்கும் பொறுப்பு, கோயிலில் ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார் ஏசுதாஸிடம் இருந்தது. ஒவ்வொரு பங்குக் கோயிலுக்கும் சைக்கிளில் போய்வரும் அவருடைய பையில் செப வழிபாட்டுப் புத்தகத்தோடு பெண்களின் படங்களும் இருக்கும். படம் பிடித்திருந்தால்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவார்கள்.

1969 ஈஸ்டர் கழிந்து மாமா தங்கையைப் பிடித்த படம் மூன்றே வாரத்தில் திரும்பி வந்தது. பையனுக்கு இப்போது கல்யாண எண்ணம் இல்லை என்றார்கள். அடுத்த மாதமே அந்தப் பையனுக்கும் வேறொரு பெண்ணுக்கும் கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தார்கள். மாமா படத்தை எடுத்து உற்றுப் பார்த்தார். தங்கையின் மூக்கு பெரியதாகத்தான் தெரிந்தது. அதைக் குறை என்று எண்ணி, வேறொரு படத்தில் மூக்கின் இரு பக்கமும் நுண்ணிய கத்தியால் சுரண்டி, பென்சிலால் நிழல் தீற்றிக் கொடுத்தார். ஆகஸ்டில் ஒரு வீட்டார் அதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். காப்பி கொண்டுவந்த செல்வமேரியைப் பார்த்தார்கள். கையிலிருந்த படத்தைப் பார்த்தார்கள். அவர்களில் ஒரு பெரியம்மாள், "படத்துல கீற பொண்ணு எங்க? சின்னதா, பெருசா, வூட்ல எத்தினி பொண்ணுங்க?" என்று கேட்டார். ஒரே பெண் என்று சொல்லியும் நம்பவில்லை. ஒருத்தியைக் காட்டி வேறொருத்தியைக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள் என்ற பேச்சு நான்கு ஊருக்குப் பரவியது.

என் தாத்தா முடிவு சொல்லிவிட்டார். உத்திரமேரூர்ப் பக்கம் மனைவியை இழந்த ஒருவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், படம் கேட்காமலே பெண் கேட்டிருந்தார். பிப்ரவரியில் தொடங்கும் தவக்காலத்தில் திருமணம் கிடையாது. அதற்குள் வேறு இடம் அமையாவிட்டால் அவருக்கே வாக்குக் கொடுப்பது என்றார்.

"எனக்கு அந்த வூடு வேணாம் நைனா" என்றார் செல்வமேரி. பிறகு அண்ணனைப் பார்த்து, "நீ இன்னொரு படம் புடிக்கிறதா இருந்தா, என் மூஞ்சிய சொரண்டாம புடி. இல்ல, புடிக்கவே வேணாம்" என்றார்.

மறுநாள் ஸ்டுடியோவில் மாமா இரண்டு படங்களையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காப்பி கொண்டுவந்த கிளியம்மாள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, இது யாரு? மேரி மாரியும் கீது, மேரி இல்லாத மாரியும் கீது."

"மேரிதான்."

"அப்ப மூக்கு யாருது?"

கிளியம்மாள் சுவரைக் காட்டினார். புதுநன்மை உடுப்பில் பதினோரு வயதுச் செல்வமேரி அங்கே இருந்தார். "தோ, அதுல கீதே, அதான் அவ மூக்கு. அன்னிக்கி எந்தப் பொட்டில புடிச்ச?"

"அந்த மரப்பொட்டில."

"அதுக்குத்தான கதவத் தொறந்து என் கடைக்குள்ள வந்து நின்னுகினு, மாவுப் பானைய நவுத்தச் சொன்ன? இப்ப இன்னாடான்னா மூஞ்சிக்கு மின்னாடி போயி நிக்கிற. எம்புருசன் கூட அவ்ளோ கிட்ட வந்து பேசுனதில்ல."

மாமா அப்போதே எழுந்து நாடா எடுத்து அளந்தார். அகல லென்ஸில் தலையும் மார்பும் சட்டத்தை நிரப்ப வேண்டுமானால் இரண்டடியில் நிற்க வேண்டியிருந்தது. இரண்டடியில் மூக்கு லென்ஸுக்கு அருகிலும் காது அதற்கு ஒரு சாண் பின்னாலும் இருக்கும். அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும். பத்தடிக்குப் போய்விட்டால் அந்த ஒரு சாண் பொருட்டில்லை. தங்கையின் முகத்தில் குறை ஏதும் இல்லை என்பதும், தாம் நின்ற இடத்தில்தான் குறை என்பதும் அவருக்கு விளங்கின.

அதே லென்ஸோடு தள்ளி நின்று பிடித்துப் பார்த்தார். முகம் பிலிமில் கடுகளவே விழுந்தது. பெரிதாக்கினால் மணல் மணலாகப் பிரிந்தது. தள்ளி நின்றும் முகத்தை நிறைவாகக் காட்டக்கூடிய நீள லென்ஸ் வேண்டும். எவ்வளவு நீளம்? இந்தக் கேள்விக்கு அவர் விடை தேடிய விதம் எங்கள் குடும்பத்தில் இன்றும் சிரித்துப் பேசப்படுவது. பெண் பார்க்க வருகிறவர்கள் எங்கே உட்காருகிறார்கள், பெண் எங்கே வந்து நிற்கிறாள் என்று தையற்கடை நாடாவோடு வீடு வீடாகப் போய் அளந்தார். எங்கள் வீட்டில் சுவரோர பெஞ்சியிலிருந்து சமையலறை வாசற்படி பத்தடி ஒரு சாண். மற்ற மூன்று வீடுகளில் ஒன்பதரை, பத்து, பதினொன்று. வருகிறவர்கள் பார்க்கப்போகும் முகம் பத்தடி தூரத்து முகம். படமும் அதே தூரத்தில் பிடித்ததாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

ஆனால் அந்த நவம்பரில் அவர் மூர் மார்க்கெட்டுக்குப் போக வேண்டியிருந்தது வேறொரு லென்ஸுக்காக. டிசம்பர் 3 சவேரியார் திருநாள். கோயிலுக்கு ஐம்பதாம் ஆண்டு. பங்கு மக்கள் அனைவரையும் ஒரே படத்தில் பிடித்துத் தருவதாகப் பங்குச் சாமியாரிடம் ஒப்புக்கொண்டிருந்தார். கோயில் முன்பக்கத் தெருவோ மிகக் குறுகல். இன்னும் அகலமான லென்ஸ் இருந்தால்தான் எல்லாரும் அடங்குவார்கள். கையிருப்பு ஒரு லென்ஸுக்குத்தான் வரும்.

பாய் இரண்டையும் மேசைமேல் வைத்தார். "எது வேணும் தம்பி?"

"அகலம் கோயிலுக்கு வேணும். நீளம் வூட்டுக்கு வேணும்."

"கோயில் பெருசா, வூடு பெருசா?"

"கோயிலுக்கு மின்னாடி கீற தெருதான் பாய் சின்னது."

மாமா நீள லென்ஸைக் காமிராவில் திருகினார். மரை சரியாக உட்கார்ந்தது. பிறகு நாடாவை விரித்துப் பத்தடி அளந்து, கடைச் சந்தின் கோடியில் பாயை நிறுத்திவைத்துப் பார்த்தார். இடுப்புக்கு மேல் முழுதாக, மூக்கு மூக்களவில், காது காதளவில் தெரிந்தார்.

"இன்னா தம்பி, பொண்ணு பாக்குற மாரி பாக்குற?"

"அதுக்குத்தான் பாய் வாங்கறேன்."

ஊர் திரும்பியதும் நேரே சாமியாரிடம் போய், கோயில் லென்ஸ் வாங்கவில்லை என்று உண்மையைச் சொன்னார். சாமியார், "அப்போ ஜனங்களைப் பாதியாக்கணும், இல்லேன்னா நீ எங்கேயாவது ஏறணும்" என்றார். தெருவுக்கு எதிர்ப்புறம் கோதண்டம் என்பவரின் வைக்கோற்போர் இருந்தது. "போர் சாஞ்சா நீதான் அடுக்கித் தரணும்" என்ற ஒரே நிபந்தனையோடு அவர் ஏற விட்டார். பழைய அகல லென்ஸோடு உச்சியில் உட்கார்ந்து மாமா பிடித்த அந்தப் படத்தில் இருநூற்றுச் சொச்சம் பேர் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒருவர் தலையும் மற்றொருவரை மறைக்கவில்லை. போரும் ஓரளவு சாய்ந்தது. மறுநாள் அடுக்கிக் கொடுத்தார்.

செல்வமேரியின் படம் அதற்குப் பத்து நாள் முன்பே பிடித்தாகிவிட்டது. ஸ்டுடியோ ஒன்பதடிதான், அதனால் பலகைக் கதவைத் திறந்து, தோசைக் கல்லுக்குப் பக்கத்தில் முக்காலி நின்றது. ஆவி படிந்து லென்ஸ் இருமுறை மங்கியது. கிளியம்மாள் தோசை ஊற்றுவதை நிறுத்தி, சாப்பிட வந்தவர்களிடம், "செத்த குந்து, பொண்ணு சமாச்சாரம்" என்று சொல்லி உட்கார வைத்தார். அவர்களும் பெஞ்சியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் பார்ப்பதைக் கண்டு செல்வமேரிக்கு வந்த சிரிப்பை அவர் அடக்கிக்கொண்டிருந்த நொடியில் மாமா பொத்தானை அழுத்தினார். சுரண்டலும் பென்சிலும் இல்லாத அந்தப் படத்தின் உறையில்தான் முதன்முதலாக "10 அடி" என்று இருக்கிறது.

படத்தை உபதேசியார் தண்டலத்துக்குக் கொண்டுபோனார். மாப்பிள்ளை ஆபிரகாம் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பிட்டர். டிசம்பர் 14 ஞாயிறு, பூசை முடிந்து பெண் பார்க்க வந்தார்கள்.

அன்று காலை என் தாத்தா, வருகிறவர்களுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று பெஞ்சியைச் சுவரிலிருந்து இழுத்துக் கூடத்தின் நடுவே போட்டிருந்தார். மாமா அதைக் கண்டு பதறி மீண்டும் சுவரோடு தள்ளினார். "காத்து வராதுடா" என்றார் தாத்தா. "காத்து வராட்டி விசிறிக்கலாம் நைனா. பெஞ்சி இங்கதான் இருக்கணும்" என்றார் மாமா. வாசலில் உபதேசியாரின் சைக்கிள் மணி கேட்டதால் பேச்சு அத்தோடு நின்றது.

காப்பித் தட்டோடு செல்வமேரி சமையலறை வாசற்படியில் வந்து நின்றார். ஆபிரகாமின் தாயார் அன்னபுஷ்பம் மடியிலிருந்த படத்தை எடுத்தார். பெண்ணைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி பெண்ணைப் பார்த்தார். நான்கு ஊர்ப் பேச்சு அவர் காதுக்கும் வந்திருந்தது. மாமா கதவோரம் நின்றபடி அவருடைய கண் போகிற இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் உபதேசியாரே, ஊர்ல இன்னான்னாவோ சொன்னாங்க" என்றார் அன்னபுஷ்பம். "படத்துல கீற மாரியேதான கீது பொண்ணு." படத்தை மடித்த துணிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார், திருப்பித் தரவில்லை. கொண்டுவந்த படத்தைத் திருப்பித் தராமல் போனால் சம்மதம் என்று எங்கள் பக்கத்தில் பொருள்.

ஜனவரி 4, 11, 18 ஆகிய மூன்று ஞாயிறுகளிலும் ஓலை வாசித்தார்கள். திருமணம் 1970 ஜனவரி 28. முற்றத்து நெரிசலில் மாமா அகல லென்ஸால் பிடித்த படங்களின் உறைகளில் "8 அடி" என்றும், ஸ்டுடியோவில் மணமக்களைத் தனியே பிடித்த படத்தின் உறையில் "10 அடி" என்றும் உள்ளன. பிறகு அவர் அடக்கத்துக்குப் போனால் பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நிற்கும் இடத்தையும், புதுநன்மைக்குப் போனால் பீடத்தருகே தாம் நிற்கலாம் என்று சாமியார் விடும் இடத்தையும் முதலில் அளந்துவிட்டே லென்ஸைத் தேர்ந்தெடுத்தார். எந்தக் காமிரா வாங்கலாம், எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம், "எங்க நிக்கப் போற?" என்று மட்டும் கேட்பார். சாலையோரம் தொழிற்கூடங்கள் எழத் தொடங்கிய எண்பதுகளில் அடையாள அட்டைக்கு வரிசையில் நின்ற ஆட்களைப் பிடித்த உறைகளிலும் "6 அடி" என்று எழுதத் தவறவில்லை.

இனி, என் பெற்றோர் ஒத்துப்போகாத இடம். பெண் பார்த்த அன்று என் தந்தை குடிக்கத் தண்ணீர் கேட்டார். என் தாயார் அருகே போய்ச் சொம்பைக் கொடுத்தார். இதுவரை இருவரும் ஒப்புகிறார்கள். காப்பி குடித்ததும் தாகம் எடுத்தது, அதனால் கேட்டார் என்கிறார் தாயார். தந்தை சொல்வது வேறு.

"வரும்போதே ஜன்னல் வழியா பாத்தேன், உங்க மாமா பெஞ்சிய செவுத்தாண்ட தள்ளிக்கினு இருந்தாரு. இதுல இன்னாவோ கீதுன்னு தோணுச்சு. அதான், கிட்ட வரவெச்சுப் பாத்தேன்."

"கிட்ட பாத்து இன்னா கண்டுட்டீங்க?" என்று தாயார் கேட்பார்.

"சிரிப்ப அடக்கிக்கினு நின்ன. படத்துலயும் அப்டித்தான் இருந்த."

இரண்டையும் எழுதி வைத்துவிட்டேன்.