கன்னட எழுத்தில் ஒரு தமிழ் அம்மா

நாடகத்தை ஒருத்தர் எழுதினால் ஒரு நாடகம்தான் வரும், நாலு பேர் சேர்ந்து எழுதினால் தினம் ஒரு சண்டை வரும். காலேஜ் விழாவுக்குக் கூட்டாக நாடகம் போட்டு மாட்டிக்கொண்ட சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், சொன்னால்தான் எனக்கு ஆறும்.

கேண்டீனில் முதல் காட்சி

மைசூரு காலேஜில் நாங்கள் தமிழ்ப் பிள்ளைகள் மூன்று பேர். ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து சுபா என்கிற நான். மண்டி மொஹல்லாவிலிருந்து கிரண். தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமம் மார்டள்ளியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் மஞ்சுளா. மூன்று பேருக்கும் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. அதனால் வசனத்தைக் கன்னட எழுத்தில் எழுதினோம். கதை இதுதான்: பட்டணத்தில் படிக்கும் பையன் ஒருநாள் ஊருக்கு வருகிறான், அம்மா அவனுக்குக் கடலைக்காய் கட்டிக் கொடுத்து அனுப்புகிறாள்.

காபி கொண்டுவந்த கேண்டீன்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து ஒரு வரியைச் சத்தமாகப் படித்தார். எழுத்துக்கூட்டிப் பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை. “அக்ஷர நம்மது, மாத்து யாரது?” என்றார். எழுத்து நம்முடையது, பேச்சு யாருடையது?

அம்மா வேஷம்

மஞ்சுளாவின் தமிழில் வார்த்தைக்கு வார்த்தை ‘ங்’ ஒட்டிக்கொள்ளும். கூடப் படிக்கிற எங்களையே வாங்க போங்க என்பாள். காலேஜில் சேர்ந்த புதிதில் எல்லோரும் அவரவர் பாஷையில் தங்களை அறிமுகம் செய்துகொள்ளலாம் என்றார்கள். அவள் மேடையேறி, “மார்டள்ளியிலிருந்து வந்திருக்கேனுங்” என்றதுதான் தாமதம், ஹால் முழுக்க சிரிப்பு. நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. அதற்கப்புறம் நாலு பேர் முன்னால் அவள் தமிழ் பேசியதே இல்லை, தலையை மட்டும் ஆட்டுவாள்.

அப்படிப்பட்டவள் அம்மா வேஷம் தனக்கு வேண்டும் என்று தானாக வந்து கேட்டாள். எனக்குப் பகீர் என்றது. மறுபடி அதே ஹால், அதே கூட்டம். வேண்டாம் மஞ்சு, பின்னாலிருந்து பாட்டுப் பாடேன் என்று இழுத்தேன். அவள் விடவில்லை. “ஒருக்கா பேசிப் பாக்கோணுமுங். அப்பவும் சிரிச்சாங்கன்னா அதோட உட்டுர்றேனுங்.”

தொங்காத எழுத்து

“இதையெல்லாம் எதுலடா கட்டறது?” என்று அம்மா கேட்க வேண்டும். பையன், “சாக்கு, அம்மா, சாக்கு!” என்று எடுக்க ஓட வேண்டும். கன்னடத்தில் ‘சாக்கு’ என்று எழுத, ‘கு’வுக்கு அடியில் இன்னொரு குட்டி எழுத்து தொங்க வேண்டும். அவசரத்தில் நான் தொங்கவிடவில்லை. தொங்காவிட்டால் அது ‘சாகு’ ஆகிவிடும், கன்னடத்தில் ‘போதும்’ என்று அர்த்தம்.

ஒத்திகையில் பையன் வேஷம் போட்ட கிரண் அதைப் பார்த்தான். ஆஹா, அம்மாவின் பாசம் தாங்காமல் பையன் போதும் போதும் என்கிறான் என்று முடிவு கட்டிவிட்டான். குரல் தழுதழுக்க, “போதும்மா, போதும்!” என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போயே போய்விட்டான். நாங்கள் கை தட்டினோம். மஞ்சுளா மட்டும் மடி நிறையக் கடலைக்காயோடு நின்றாள். “அவரு போயிட்டாருங், இத எங்கீங் கொட்டறது?”

சுத்தத் தமிழ்

ஹால் சிரிக்கக் கூடாதே என்ற பயத்தில் கிரணும் நானும் அவள் வசனத்தை மாற்றினோம். “மகனே, உணவு உண்டாயா? உன் முகம் ஏன் வாடியிருக்கிறது?” டிவி பார்த்து எழுதியது. அவள் ஒருதடவை படித்தாள், பிறகு தாளை மடித்து என்னிடமே கொடுத்தாள்.

“இப்படிப் பேசற அம்மாகிட்ட எந்தப் பையனுங் திரும்பி வருவான்?”

விழா

அன்றைக்குத் திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுக்கிற வேலை எனக்கு. இரண்டாவது நிமிஷமே கிரணுக்கு எல்லாம் மறந்துவிட்டது. நான் கிசுகிசுக்கிறேன், முறைக்கிறேன், கடைசியில் கத்தவே செய்கிறேன். அவன் மரம் மாதிரி நிற்கிறான். அப்போது மஞ்சுளா இடுப்பில் கையை வைத்தாள்.

“ஏன்டா, அங்க மூலையில ஒரு புள்ள தொண்ட கிழியக் கத்துது, அதுங்கூடக் காதுல உழுவலயா? பட்டணத்துக்குப் போயிக் காதையும் வித்துப்போட்டு வந்துட்டயா?”

எழுதிய வசனத்துக்கு வெளியே அதுவரை கிரணை வாங்க போங்க என்றுதான் கூப்பிட்டிருந்தாள். ஹால் குபீரென்று சிரித்தது. போச்சு, அதே சிரிப்பு, இவள் இனி வாயே திறக்க மாட்டாள் என்று நினைத்தேன். அவளோ சிரிப்பு அடங்கும்வரை நிதானமாக நின்றாள். அப்புறம் அவன் கன்னத்தைத் தடவி, “ஏஞ்சாமி இப்படி எளச்சுப் போயிட்ட? அங்க சோறு பத்துதா?” என்றாள். முன்வரிசையில் தமிழே தெரியாத எங்கள் மேடம் மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது.

திரைக்குப் பின்னால் வந்ததும் என் கையை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு. “சுபா, சிரிச்சாங்க பாத்தீங்ளா? இந்தத் தடவ நாஞ் சிரிக்க வெச்சேனுங்!”

நான் எழுதிய வசனத்தில் பாதிக்கு மேல் மேடை ஏறாத அந்த நாடகத்துக்கு, ‘எழுதியவர் சுபா’ என்று அறிவித்தபோது வெட்கமே இல்லாமல் எழுந்து நின்று வணக்கம் போட்டவள்தான் உங்கள் முன் இவ்வளவு நேரம் பேசியது.