ஒட்டன்சத்திரம் ரோட்டில் என் முழங்கை

மெடிக்கல் ரெப் வேலையில் பாதி நேரம் டாக்டர் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும், மீதி நேரம் பைக்கில். எனக்குத் திண்டுக்கல்லிலிருந்து பழனி வரைக்கும் லைன். ஹெல்மெட்டே பாரமென்று புலம்பும் சகோதரர்களே, நான் அதோடு பைக் ஓட்டுகிறவர்கள் போடும் தடித்த ஜாக்கெட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு அலைகிறவன். ஆசைப்பட்டு அல்ல. வாங்கித் தந்த என் மனைவி செல்வி, "போட்டா பைக்குல போங்க, இல்லாட்டி பஸ்ஸுல போங்க" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். பஸ்ஸில் போனால் பாதி டாக்டரைக்கூடப் பார்க்க முடியாது.

டோக்கன் ஏழு

சித்திரை வெயில். திண்டுக்கல்லில் ஒரு கிளினிக். நோயாளிகளெல்லாம் போன பிறகுதான் ரெப்பைக் கூப்பிடுவார்கள். கழற்றினால் வைக்க இடமில்லாததால் ஜாக்கெட்டோடு பெஞ்சு ஓரத்தில் வேர்த்து வடிந்துகொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் ரொம்ப நேரமாக என்னையே பார்த்தார். அப்புறம் தன் டோக்கனை நீட்டினார்.

"குளிர்காய்ச்சலா அப்பு? இந்தா, ஏழாம் நம்பரு. நீ மொதல்ல போ, நான் செத்த நேரம் கழிச்சுப் போறேன்."

பையில் இடமில்லை

அதிலிருந்து எனக்கு வெட்கம் வந்துவிட்டது. தெருமுனை வரைக்கும் செல்விக்காகப் போட்டுக்கொள்வேன். முனை திரும்பியதும் கழற்றி மருந்துப் பைக்குள் திணித்துவிடுவேன். மாசியில் ஒரு நாள் பை நிறைய சாம்பிள் சிரப் பாட்டில்கள். ஜாக்கெட்டுக்கு இடமில்லை. வேறு வழியில்லாமல் போட்டுக்கொண்டே போனேன். புத்தி வந்து போட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிளை ரோடு. வண்டிகள் ஏறினால் மணி உதிரும் என்று கொள்ளுச் செடியை ரோட்டில் பரப்பியிருந்தார்கள். காருக்கும் லாரிக்கும் சரி. பைக்குக்கு அடியில் அத்தனையும் உருளுகிறது. வளைவில் பிரேக்கைத் தொட்டேன். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தலையும் வலது முழங்கையும் தாரில் தேய்ந்துகொண்டே போகிற சத்தம் ஹெல்மெட்டுக்குள் கேட்டது. செத்தோம் என்றே நினைத்தேன். கொள்ளு பரப்பியிருந்த அம்மா ஓடி வந்து, ஜாக்கெட்டைக் கழற்றி, என் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, துணிதானுங்க போயிருக்குது, தோலு முழுசா இருக்குதுங்க!"

அளவு ஜாக்கெட்

செல்விக்குத் தெரிந்தால் பைக் சாவி கைக்கு வராது. சாவி இல்லாவிட்டால் இந்த வேலையும் இல்லை. அதனால் நேரே திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு டெய்லரிடம் போய், "ஜாக்கெட் தைக்கணும் பாய்" என்றேன்.

"அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களா?" என்றார் நிமிராமலே. ரவிக்கை என்று நினைத்துவிட்டார்.

எடுத்து மேஜையில் வைத்தேன். முழங்கையில் துணி போய், உள்ளேயிருந்த கெட்டிப் பட்டையும் பாதி தேய்ந்திருந்தது. பாய் மெஷினை நிறுத்திவிட்டு, அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். யார் வாங்கித் தந்தது என்று கேட்டார். சொன்னேன். அவளுக்குத் தெரியக் கூடாது என்பதையும் சொன்னேன். மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"தைக்க மாட்டேன் தம்பி. இத மறச்சிட்டா, அந்தப் புள்ள எதக் காப்பாத்துச்சுன்னு அதுக்கே தெரியாமப் போயிரும்ல."

எந்த மருந்துக்கும் பக்கவிளைவே இல்லையென்று தினமும் சாதிக்கிறவன் நான், ஆனால் அந்த ஜாக்கெட்டுக்கு ஒன்று உண்டு: அதை வீட்டில் காட்டிய நாளிலிருந்து செல்வியிடம் எந்தப் பேச்சிலும் நான் ஜெயித்ததில்லை.