வாத்தியாரின் இடது கிருதா

சலூன்காரருக்குத் தெரு வைத்த பெயர் ரேடியோ. கத்தரியை எடுத்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். முடி வெட்டி முடிந்தாலும் பேச்சு முடியாது. அப்பேர்ப்பட்ட மனுஷனை, வெயில் கொளுத்திய மாதத்தில் வந்த நோய், கடையைச் சாத்தி வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டது. பேச்சுக் கேட்க மனைவி ஒருத்திதான் மிச்சம்.

"காது வலிக்குதுங்க. போன்ல வேற யார்கிட்டயாவது பேசுங்களேன்" என்றாள் அவள், பொறுக்கமுடியாமல்.

பேசினார். வாடிக்கையாளர்களின் தலையெல்லாம் காடு மண்டிக் கிடந்த நேரம் அது. வீடியோவில் பார்த்தபடியே, சீப்பை எங்கே வைக்கணும், கத்தரியை எப்படிச் சாய்க்கணும் என்று அவர்களுடைய மனைவிமார்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். முதல் தலை கணக்கு வாத்தியாருடையது. அங்கேதான் வந்தது வினை. இத்தனை வருஷமும் ஆளின் பின்னால் நின்று, முகத்தைக் கண்ணாடியில் பார்த்தே வெட்டிப் பழகியவர். போனில் முகம் நேருக்கு நேர் தெரிகிறது, இடம் வலம் மாறுமே என்று தோன்றவேயில்லை.

"இடது கிருதா நீளமா இருக்கும்மா, எடுங்க."

வாத்தியாரின் மனைவி எடுத்தாள். படம் விட்டுவிட்டு வந்தது. நீளம் அப்படியே இருந்தது.

"இன்னும் எடுங்க. அட, பயப்படாதீங்க, இன்னும்!"

படம் தெளிந்தபோது வாத்தியாருக்கு இடது கிருதாவே இல்லை. நீளமாக இருந்த வலது கிருதா சௌக்கியமாக இருந்தது. வாத்தியார் பட்டென்று போனை வைத்தார். ரேடியோவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆனாலும் விடவில்லை. தன் போனை வீட்டுப் பீரோக் கண்ணாடிக்கு எதிரே நிறுத்தி, கண்ணாடியில் தெரிந்த தலையைப் பார்த்தே பேசத் தொடங்கினார். இடது இடதானது. மழைக்காலம் போய்க் குளிர் வந்தது. தெருவில் ஒரு தலை பாக்கியில்லை. வாத்தியார் மட்டும் கூப்பிடவேயில்லை.

மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், தலையில் அடித்துக்கொண்டார். "உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்க! எல்லா வீட்டுக்கும் தொழிலைக் கத்துக்கொடுத்துட்டீங்களே, இனி யாரு வருவா? உங்க கடை நாற்காலியை வாங்க ஆள் பார்த்திருக்கேன். கொடுத்துட்டு என்கூட கிடங்கு வேலைக்கு வாங்க."

ரேடியோ முதல்முறையாக வாயடைத்துப் போனார். கடை திறக்கிற அன்று உச்சிவேளைக்குள் ஒருத்தரும் வராவிட்டால் நாற்காலி போகட்டும் என்று ஒப்புக்கொண்டார். அந்த நாற்காலி இல்லாமல் தான் யார் என்று அவருக்கே தெரியாது.

திறந்த அன்று காலையெல்லாம் ஈ காக்கை இல்லை. மச்சான் வண்டியோடு வந்து இறங்கினார். நாற்காலியில் கை வைக்கப்போன நேரம், வாசலில் முகக்கவசமும் தொப்பியுமாகக் கணக்கு வாத்தியார்.

"யாருப்பா அது? கையை எடு!" என்றவர், சட்டமாக உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். தலை எலி கடித்த பாய் மாதிரி இருந்தது.

"சார்... கோவம்..."

"கோவம்தான். அதுக்காக வேற ஆள்கிட்ட தலையைக் கொடுக்க முடியுமா? வீட்டுல வெட்டிக்கிட்டா ஒவ்வொரு தடவையும் சண்டை. உன் வளவளப்பு இல்லாம தூக்கமும் வரலை. கடை திறந்தாச்சுன்னு தெரு முழுக்க நான்தான் சொல்லிட்டு வர்றேன். ஆரம்பி!"

ரேடியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. கத்தரியை எடுத்தார், வாய் திறந்துகொண்டது. அதற்குள் வாசலில் மூன்று பேர், அப்புறம் எட்டு, அப்புறம் இடைவெளி விட்டு விட்டுத் தெருமுனை வரை ஆட்கள்.

மச்சான் காடாய்க் கிடந்த தன் தலையைத் தடவியபடி நெளிந்தார். "மாப்ளே, எனக்கும் அப்படியே ஒரு..."

கண்ணாடியில் அவரைப் பார்த்து ரேடியோ சிரித்தார்.

"அதுக்கென்ன மச்சான், வெட்டிடலாம். வரிசையில போய் நில்லுங்க!"