பக்கத்துக் கட்டில்காரர்

இதை நம்பும்படி யாரையும் கேட்கவில்லை. நடந்தது. 1958, தை மாதம். எங்கள் ஊர் மெட்ராஸுக்குப் போகுமா, ஆந்திராவிலேயே நிற்குமா என்று பேசிக்கொண்டிருந்த வருஷம். சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரி.

என் அப்பா பாலையாவுக்கு அறுபத்தெட்டு வயது. நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு மாதமாகக் கண்ணும் தோலும் மஞ்சள். உடம்பெல்லாம் அரிப்பு. காமாலை என்றார்கள். ஊர் வைத்தியர் அவர் கையில் பச்சிலை தேய்த்து, சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவச் சொன்னார். தண்ணீர் மஞ்சளாக இறங்கியது. சந்தோஷப்பட்டோம். நைனா மஞ்சளாகவே இருந்தார்.

சித்தூர் டாக்டர் சொன்னார்: "பித்தக் குழாய்ல புற்று. அறுத்து எடுக்கணும். இந்த வயசுல பாதிக்குப் பாதிதான். விட்டா மூணு மாசம்."

"அறுக்க நான் இன்னா ஆடாடா?" என்றார் நைனா. பிறகு, "நீயே பாத்துச் சொல்லு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலை ஆறு மணிக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும்.

கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். நாலு பத்துக்கு விழிப்பு வந்தது. சரக்... சரக்... யாரோ சொறியும் சத்தம். நைனா அசையாமல் தூங்கினார்.

பக்கத்துக் கட்டில். மாலையில் அது காலியாக இருந்தது.

ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் முகம். புருவத்தில் வெட்டுத் தழும்பு.

"கையெழுத்து போடாத தம்பி."

"நீங்க யாரு?"

"கத்தி பட்டா தாங்கமாட்டாரு. இட்டுக்கினு போய்டு."

சரக்... சரக்...

அவருடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

அசையவில்லை...

கண்ணை மூடிக்கொண்டேன்.

நாலு இருபது. சத்தம் நின்றது.

கட்டில் காலி. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

ஆறு மணிக்கு டாக்டரிடம் வேண்டாம் என்றேன். அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நைனா பங்குனியில் செத்தார். கடைசிவரை சொறிந்துகொண்டே இருந்தார்.

ஆடியில், புத்தூர் சந்தையில், அந்தக் கிழவரைப் பார்த்தேன். அதே தழும்பு. கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பெயர் ரங்கையா, பிச்சாட்டூர்க்காரர். விசாரித்தேன். சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டினார். நைனாவுக்கு வந்த அதே நோய். அதே டாக்டர். எழுபத்தோரு வயதில் ஐப்பசியில் அறுத்து, கார்த்திகையில் வீடு திரும்பிவிட்டார். அதன்பிறகு சித்தூர்ப் பக்கமே போகவில்லை.

"எம் புள்ளயக்கூட ஒருத்தரு போடாதன்னாராம். பக்கத்துக் கட்டில்காரரு, உடியக்காத்தால. இவன் எங்க சொன்ன பேச்சு கேட்டான்? போட்டுட்டான்" என்று சிரித்தார்.

"ஆளு எப்படி இருந்தாராம்?"

"மஞ்சளா. எடது காது பாதி இல்லியாம்."

நைனாவின் இடது காதைச் சிறு வயதில் நாய் கடித்துப் பாதி போய்விட்டது. ஐப்பசியில் அவருக்கு நோயே இல்லை. ஊரில் எங்களோடு நாற்று நட்டுக்கொண்டிருந்தார்.